வாசகர் கேள்வி–பதில்: உணவியலும் மனித போசணையும் கற்க விரும்புவோருக்கு

உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்த கையோடு திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பல ஒரே துறையைச் சுற்றியே அமைந்திருந்தன. அவற்றுள் பொதுப்பயன் உடையவற்றைத் தெரிந்து, சுருக்கி, இங்கு விடையளித்திருக்கிறோம்.

கேள்வி: உயிரியல் பிரிவில் சித்தியடைந்திருக்கிறேன். வைத்தியசாலையில் நோயாளருக்கு உணவு ஆலோசனை வழங்கும் பணியே என் விருப்பம். பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் உணவு விஞ்ஞானமும் தொழினுட்பவியலும் என்றொரு கற்கைநெறியும், உணவு விஞ்ஞானமும் போசணையும் என்றொரு கற்கைநெறியும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுதானா? (ஒரு மாணவி, உப்புவெளி)

பதில்: ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிவிட்டு, இரண்டாம் வருடத்தில் வருந்துவோர் உண்டு.

உணவுத் தொழினுட்பவியல், உணவு வாய்க்குள் போகும்வரை அதற்கு நேர்வதை ஆராய்வது. கரைக்கு வந்த சூரை மீனை ஐஸ் போடாமல் வெயிலில் வைத்திருந்தால், பற்றீரியாக்கள் அதன் தசையிலுள்ள ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. உண்டவருக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் கடிக்கும். இதைத் தடுப்பது எப்படி, பதனிடுவது எப்படி, பொதியிடுவது எப்படி என்பவை அத்துறையின் கேள்விகள். பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, சப்ரகமுவ ஆகிய பல்கலைக்கழகங்களில் இதனைக் கற்கலாம். அதே சூரை மீன் ஒரு நோயாளியின் கோப்பைக்கு வந்தபின், அதிலுள்ள புரதம் எத்தனை கிராம், அவருடைய சிறுநீரகம் அதைத் தாங்குமா என்று கேட்பது உணவியல்.

உங்கள் விருப்பத்துக்கு அண்மையில் இருப்பது வயம்பப் பல்கலைக்கழகத்தின் மாகந்துர வளாகத்தில், கால்நடை, மீன்பிடி, போசணைப் பீடம் நடத்தும் உணவு விஞ்ஞானமும் போசணையும் என்ற பட்டமாகும். ஆனாலும், எந்தப் பட்டமானாலும் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நோய்நிலைப் போசணை (நோய்க்கேற்ப உணவை வகுப்பது) தனிப்பாடமாக இருக்கிறதா, வைத்தியசாலைப் பயிற்சி எத்தனை வாரம் என்ற இரண்டையும் பாடத்திட்டத்தில் தேடிப் பாருங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எமது அரச வைத்தியசாலைகளின் போசணைக் கிளினிக்குகளைப் பெரும்பாலும் நடத்துபவர்கள் வைத்தியர்கள். அவர்களுள் பலர் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் மனித போசணை கற்றவர்கள். ஆகவே போசணைப் பட்டதாரி முதலில் காலூன்றும் இடம் தனியார் வைத்தியசாலையாகவோ, உணவு உற்பத்தி நிறுவனமாகவோ, ஆராய்ச்சிக்கூடமாகவோ, தாய் சேய் போசணைத் திட்டமாகவோ இருக்கலாம். நோயாளியின் கட்டிலருகே நிற்பதே குறிக்கோளானால் முதற்பட்டத்துடன் நின்றுவிட முடியாது என்பதை இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அனுமதியைப் பொறுத்தவரை, இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. திருகோணமலை அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால், அகில இலங்கைத் தரவரிசையைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை.

கேள்வி: மகளுக்கு மருத்துவ பீடம் மயிரிழையில் தவறிவிட்டது. போசணை கற்கப் போவதாகச் சொல்கிறாள். உறவினர்களோ "சமையல் படிக்கக் கம்பஸுக்குப் போகவேண்டுமா? திரும்பவும் சோதனை எடுக்கச் சொல்லுங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது? (ஒரு தந்தை, மூதூர்)

பதில்: ஐயா, மீண்டும் பரீட்சைக்குத் தோற்றுவதா இல்லையா என்பதை மகளே முடிவுசெய்யட்டும். அந்த முடிவு, இது சமையல் படிப்பு என்ற தவறான எண்ணத்தில் எடுக்கப்படக்கூடாது என்பதே எம் கவலை. உயிர்இரசாயனவியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், புள்ளிவிபரவியல், பொதுச் சுகாதாரம் ஆகியவையே இப்படிப்பின் அடித்தளம். அடுப்படி அதில் ஒரு சிறு மூலை மாத்திரம்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது அறுபதைக் கடந்தவர், எடை 60 கிலோகிராம், நெடுநாளாகச் சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர்; இப்போது சிறுநீரகமும் பழுதடையத் தொடங்கியிருக்கிறது. சீனி வருத்தத்துக்காகச் சோற்றைக் குறைத்துப் பருப்பையும் கடலையையும் கீரையையும் கூட்டச் சொன்னார்கள் என்று அவருடைய மனைவி பல வருடங்களாக அப்படியே செய்துவருகிறார். உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று தினமும் ஒரு செவ்விளநீர் வேறு. சிறுநீரகம் தளர்ந்தபின் இரத்தத்தில் பொற்றாசியம் தங்கிவிடும். அது அளவு மீறினால் இதயத் துடிப்பையே குழப்பும். இளநீரும் கீரையும் பொற்றாசியம் நிறைந்தவை. ஆகவே நேற்றுவரை நல்லதாக இருந்தது இன்று அளந்து உண்ண வேண்டியதாகிறது. கீரையை நிறைய நீரில் அவித்து, அந்த நீரை ஊற்றிவிட்டுச் சுண்டச் சொல்வது, அதிலுள்ள பொற்றாசியத்தின் ஒரு பகுதியை வெளியேற்றும் வழி.

புரதத்தின் கதை இன்னும் சிக்கலானது. இந்த நிலையில் அவருக்கு ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு 0.6 முதல் 0.8 கிராம்வரை, அதாவது நாளொன்றுக்கு 36 முதல் 48 கிராம்வரை போதும் என்று கட்டுப்படுத்துவார்கள். அதே மனிதர் நாளை டயலிசிஸ் செய்யத் தொடங்கினால், இரத்தத்தைச் சுத்திகரிக்கும்போதே புரதக்கூறுகளும் வெளியேறுவதால், கணக்கு தலைகீழாகி 60 முதல் 72 கிராம்வரை தேவைப்படும். "மீனைக் குறையுங்கள்" என்று சொன்ன அதே வாய் "மீனைக் கூட்டுங்கள்" என்று சொல்ல வேண்டும். காரணத்தையும் அந்த அம்மாவுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். இதைச் சமையல் என்று சொல்பவர்கள் ஒரு நாள் டயலிசிஸ் பிரிவின் வாசலில் இருந்து பார்க்கட்டும்.

கேள்வி: தமிழ் மொழிமூலம் படித்தவள். ஆங்கிலமும் கணக்கும் எனக்குப் பயம். முதல் வருடத்தைத் தாண்ட முடியுமா? (ஒரு மாணவி, கிண்ணியா)

பதில்: தாண்டலாம். விஞ்ஞானப் பட்டங்கள் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன என்பது உண்மை; பெறுபேற்றுக்கும் அனுமதிக்கும் இடைப்பட்ட நீண்ட காலத்தை ஆங்கிலத்துக்கே ஒதுக்கிவிடுங்கள். உயர்தர இரசாயனவியல் குறிப்புகளை வீசிவிட வேண்டாம். குளுக்கோசு கலத்துக்குள் எப்படிச் சக்தியாகிறது என்பதைப் படிக்கும்போது அவை திரும்பவும் தேவைப்படும்.

கணக்கு பெரும்பாலும் கூட்டலும் பெருக்கலும் வீதமும்தான். மாச்சத்து ஒரு கிராமுக்கு 4 கிலோகலோரி, புரதம் 4, கொழுப்பு 9 என்பது அடிப்படை. 100 கிராம் அரிசிமாவில் அவித்த புட்டு ஏறத்தாழ 350 கிலோகலோரி தரும். அதற்குள் 30 கிராம் தேங்காய்ப்பூ போயிருந்தால் இன்னும் நூறு கிலோகலோரிக்குச் சற்று மேலே சேரும். அந்த நூறில் பெரும்பகுதி தேங்காயில் உள்ள பத்துக் கிராம் அளவான கொழுப்பிலிருந்து வருவது. கடினம் கணக்கில் இல்லை, "எவ்வளவு சாப்பிட்டீர்கள்?" என்ற கேள்விக்கு உண்மையான விடையைப் பெறுவதில்தான் இருக்கிறது. கடந்த 24 மணித்தியாலத்தில் உண்டதை நினைவுபடுத்திச் சொல்லச் செய்வது இத்துறையின் அடிப்படை முறைகளில் ஒன்று. "கொஞ்சம்போலத்தான்" என்பார்கள். எந்தக் கோப்பை, எத்தனை அகப்பை, சொதி முதற்பாலிலா இரண்டாம் பாலிலா, பிளேன் டீக்கு எத்தனை கரண்டி சீனி, பாணுக்கு மாஜரின் பூசினீர்களா என்று, குற்றவாளியை விசாரிப்பதுபோல் இல்லாமல், ஒவ்வொன்றாகக் கேட்டெடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் உங்கள் தமிழ் உங்களுக்குக் கைகொடுக்கும். நோன்பு காலத்தில் இன்சுலின் போடும் ஒரு பெரியம்மாவுக்கு, ஸஹருக்கு எதை உண்பது, நோன்பு திறக்கும்போது கஞ்சியை எந்த அளவில் நிறுத்துவது, சீனி எந்த அளவுக்குக் குறைந்தால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதை, வைத்தியருடன் கலந்து, அவருடைய பேச்சிலேயே சொல்லத் தெரிந்தவருக்குக் கிண்ணியாவில் நிச்சயம் தேவை இருக்கிறது.

கேள்வி: தினமும் ஒரு கட்டுரை முட்டை நல்லது என்கிறது, மறுநாள் கூடாது என்கிறது. இப்படி மாறும் ஒன்றை விஞ்ஞானம் என்று பட்டம் கொடுத்துப் படிப்பிக்கலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருகோணமலை நகர்)

பதில்: சேர், செய்தித்தாள் மாறுகிற வேகத்தில் விஞ்ஞானம் மாறுவதில்லை. இத்துறையின் பழைய சோதனைகளுள் ஒன்றுக்கு உங்கள் ஊருடனேயே தொடர்பு உண்டு என்பதால் அதையே சொல்கிறோம்.

1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், முரசு கரைந்து இரத்தம் கசியும் ஸ்கேவி நோயால் வருந்திய பன்னிரண்டு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு சோடிக்கும் வெவ்வேறு மருந்தை, வினாகிரி, கடல்நீர் என்றெல்லாம் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவாகத் தேறினர். இருந்தும் பிரித்தானியக் கடற்படை அதை ஏற்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. 1794இல் சஃபோக் என்ற போர்க்கப்பல், இடையில் எங்கும் தரிக்காமல் 23 வாரம் ஓடி இந்தியாவை அடைந்தபோது, நாள்தோறும் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு வழங்கப்பட்டது. கடுமையான ஸ்கேவி தலைகாட்டவில்லை. அந்தக் கப்பலில் வந்த பீற்றர் ரெய்னியர்தான் மறு வருடம் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றிய கடற்படைக்குத் தலைமை தாங்கினார். கோட்டை விழுந்ததற்கு எலுமிச்சைதான் காரணம் என்று யாம் சொல்ல வரவில்லை. சொல்லிப் பார்க்க ஆசைதான்.

ஜாவாவில், நரம்புகளைத் தளர்த்தும் பெரிபெரி நோயை ஆராய்ந்த ஒல்லாந்து வைத்தியர் எய்க்மன், தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகளுக்கும் அதே போன்ற நோய் வருவதையும், தவிட்டோடு கூடிய அரிசியால் அது மாறுவதையும் கண்டார். அதற்காக 1929இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். எமது புழுங்கல் அரிசியில், நெல்லை அவிக்கும்போதே தவிட்டிலுள்ள பி1 விற்றமினில் ஒரு பங்கு மணிக்குள் இறங்கிவிடுகிறது. இவை எவையும் மறுநாள் மாறிவிடவில்லை. முட்டையைப் பற்றிய குழப்பம், ஒருவர் பல வருடங்களாக உண்டதை நினைவிலிருந்து கேட்டு நடத்தும் ஆய்வுகளிலிருந்து எழுவது. அத்தகைய ஆய்வை எந்த அளவுக்கு நம்பலாம் என்று எடைபோடக் கற்பதும் இப்பட்டத்தின் ஒரு பாடம்.

கேள்வி: திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்கிறேன். எமது பத்திய முறைக்கும் உணவியலுக்கும் ஒத்துப்போகுமா? (ஒரு மாணவர், நிலாவெளி)

பதில்: பல இடங்களில் ஒத்துப்போகும், ஒத்துப்போகாத இடங்களில்தான் நீங்கள் கற்க வேண்டியது அதிகம். நோய்க்கேற்ப உணவை மாற்ற வேண்டும், மருந்தும் உணவும் ஒன்றையொன்று பாதிக்கும் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது. வேறுபடுவது சரிபார்க்கும் முறை. இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் குளிசை எடுப்பவரிடம் "கீரையை அடியோடு நிறுத்துங்கள்" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. கீரையிலுள்ள கே விற்றமின் அந்தக் குளிசைக்கு எதிராக வேலை செய்வது உண்மை. ஆனால் வாரந்தோறும் ஒரே அளவில் உண்டுவந்தால், இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அந்த அளவுக்கேற்பக் குளிசையை வைத்தியர் சரிசெய்துகொள்ளலாம். திடீரென நிறுத்துவதும் திடீரெனக் கூட்டுவதுமே ஆபத்து. தாங்கள் கொடுக்கும் மூலிகையைக் கிளினிக் வைத்தியரிடமும் சொல்லும்படி நோயாளரைப் பழக்குங்கள். அதுவே பெரிய தொண்டு.

கேள்வி: இணையவழியில் மூன்று மாதச் சான்றிதழ் முடித்தால் டயட்டீசியன் (உணவியலாளர்) என்று பெயர்ப்பலகை வைக்கலாமா? (சம்பூர்)

பதில்: வேண்டாம். ஆரோக்கியமானவருக்குப் பொதுவான உணவுப் பழக்கம் சொல்ல அந்த அறிவு உதவும். மேலே சொன்ன சிறுநீரக நோயாளி உங்கள் பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே வந்தால் என்ன செய்வீர்கள்?

கேள்வி: ஆண்பிள்ளைகள் இதைப் படிக்கலாமா? (தம்பலகாமம்)

பதில்: தாராளமாக. விளையாட்டுவீரர் போசணையிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் குழாய்வழி உணவிலும் வேலை செய்யும் ஆண்கள் பலர். பெண்கள் அதிகம் என்பதால் வகுப்பில் கூச்சம் இருந்தால், முதல் மாதத்தில் போய்விடும்.

கேள்வி: மகனின் சித்தப்பா லண்டனில் இருக்கிறார். அங்கோ தமிழ்நாட்டிலோ படிப்பிக்க விரும்புகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? (ஒரு தாய், குச்சவெளி)

பதில்: அம்மா, பிரித்தானியாவில் டயட்டீசியன் என்ற பெயர் சட்டத்தால் காக்கப்பட்டது, எச்.சி.பி.சி. எனப்படும், சுகாதாரத் தொழில்வல்லுநர்களுக்கான பேரவையில் பதிவு செய்யாதவர் அப்பெயரைப் பயன்படுத்துவது குற்றம். நியூட்ரிஷனிஸ்ட் என்ற பெயருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முகவர்கள் விற்கும் ஒரு வருடப் போசணை முதுமாணிகளுள் பெரும்பாலானவை பதிவுக்கு இட்டுச்செல்லாதவை. பதிவுக்குரிய உணவியல் முதுமாணி பொதுவாக இரண்டு வருடம், அதில் வைத்தியசாலைப் பயிற்சியும் அடங்கும். அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல், பதிவுப் பரீட்சைக்குத் தோற்றவே முதுமாணிப் பட்டம் வேண்டும்.

தமிழ்நாட்டில் இத்துறைக்குப் பழைய வேர் உண்டு. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் மனையியல் நிறுவனம் 1957 முதல் நடந்துவருகிறது. ஆனால் அது பெண்களுக்கானது, எனவே உங்கள் மகனுக்குப் பொருந்தாது. சென்னையிலும் மதுரையிலும் இருபாலாரும் பயிலும் கல்லூரிகளைத் தேடுங்கள். எந்த நாடானாலும், அப்பல்கலைக்கழகத்தை இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன்பின், பணம் கட்டும் முன்னர், "இப்பட்டத்தை முடித்தவர் உங்கள் நாட்டில் டயட்டீசியனாகப் பதிவுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாமா?" என்ற ஒரே கேள்வியை முகவரிடம் கேட்காமல் பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சலில் எழுதி, எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள்.