கப்பல் உள்ளே வராது, தம்பி

அன்பின் அக்கா,

மட்டக்களப்புக் கோட்டையை வைத்து ஒரு நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். 1638இல் ஒல்லாந்தர் தோற்று, கோட்டை போர்த்துக்கேயரிடமே நின்றுவிட்டது என்பது கதை. அப்படி நடந்திருந்தால் நம்முடைய ஊர் இன்னொரு கோவாவாக, பெரிய துறைமுகப் பட்டினமாக ஆகியிருக்குமல்லவா? கோட்டையிலிருந்து கண்டிக்குச் சுரங்கம் போகிறது என்று சின்ன வயதில் கேட்டதையும் சேர்க்க விருப்பம். முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். வாசித்துச் சொல்லுங்கள்.

ர., களுவாஞ்சிகுடி

அன்பின் ர.,

உமது கடிதம் வந்த அன்று காலையில் கல்லடிப் பாலத்தில் நின்றிருந்தேன். வாவி நன்றாக ஏறியிருந்தது. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர், நான் கேட்காமலே, "முகத்துவாரம் இன்னும் வெட்டல்ல" என்றார், வாவி கடலில் விழுகிற வாயை அடைத்துக்கிடக்கும் மணலைச் சொல்கிறார். அதனால்தான் உடனே எழுதுகிறேன். இல்லாவிட்டால் இதுவும் மற்றக் கடிதங்களோடு கிடந்திருக்கும்.

சுரங்கத்தை முதலில் மூடிவிடுவோம். கோட்டை நிற்பது புளியந்தீவில். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. உங்கள் வளவில் கிணறு தோண்டியபோது எத்தனை முழத்தில் தண்ணீர் கண்டது என்று அம்மாவிடம் கேளும். அதற்குப் பிறகும் சுரங்கம் வேண்டுமென்றால் உமது பாத்திரங்களுக்கு நீச்சல் பழக்கும்.

கோவாக் கனவும் அப்படித்தான். போர்த்துக்கேயர் போய்விட்டார்கள் என்று யார் சொன்னது? ஒல்லாந்தர் நூறு வருடத்துக்கு மேல் இருந்தும், ஐரோப்பியர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் நிலைத்தது போர்த்துக்கேயம்தான். நீர் உட்கார்ந்து எழுதுகிற கதிரையும் அவர்கள் தந்த சொல். ஒல்லாந்தர் தந்தது, அலுவலகத்துக்கு நாம் சொல்கிற கந்தோர்.

யுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட் 1638 மே 18இல் கோட்டையைப் பிடித்தார், சரி. ஆனால் அதற்கு ஏழு கிழமைக்கு முதலே, மார்ச் 28இல், கண்டிக்குப் பக்கத்துக் கன்னொறுவயில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயப் படையை அழித்துவிட்டான். உதவிக்கு வர ஆளில்லாத கோட்டை அது. "நடந்திருந்தால்" என்றுதான் எழுதவேண்டுமென்றால் 1603க்குப் போய்ப்பாரும். ஒல்லாந்தத் தளபதி செபால்ட் டி வீர்ட், தான் பிடித்த போர்த்துக்கேயரை விட்டுவிட்டார். அவரோடு கூட்டுச் சேர்ந்திருந்த கண்டி அரசன் விமலதர்மசூரியனுக்கு ஆத்திரம். பேச்சு முற்றி, டி வீர்ட் இங்கே மட்டக்களப்பிலேயே வெட்டுப்பட்டுச் செத்தார். அன்றைக்கு அந்த உறவு முறியாதிருந்தால் 1628இல் போர்த்துக்கேயர் இந்தக் கோட்டையைக் கட்டியிருக்கவே மாட்டார்களோ என்னவோ. உமது நாவலுக்குக் கோட்டையே மிஞ்சாது, அதுதான் பிரச்சினை.

இனி எனக்கு எரிச்சல் வந்த இடம். உமது முதல் அத்தியாயத்தில் மூன்று பாய்க்கப்பல்கள் கோட்டை வாசலில் வந்து நங்கூரம் போடுகின்றன. எந்த வழியால் வந்தன? களுவாஞ்சிகுடிப் பிள்ளை, வாவிக் காற்றில் வளர்ந்தவர், இதை எழுதலாமா? வாவி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீளம்தான். ஆனால் முகத்துவாரத்தில் மணல். மாரியில் திறக்கும், வெயிலில் கடல் அடைத்துவிடும். திறந்திருக்கிற நாளிலும் பெரிய கப்பலுக்கு அங்கே ஆழமில்லை. வெஸ்டர்வோல்டும் பீரங்கிகளைக் கரையில் இறக்கி வைத்துத்தான் சுட்டார். திருகோணமலையில் கப்பல் கூட்டமே ஒதுங்குகிற துறை இருக்கும்போது, கப்பலை வெளிக்கடலில் ஆடவிட்டுத் தோணியில் சாமான் ஏற்றுகிற ஊரில் எவன் பட்டினம் கட்டுவான்? போர்த்துக்கேயன் நின்றிருந்தாலும் இதேதான்.

எனக்குப் பத்து வயதிருக்கும். அம்மப்பாவுக்கு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கொஞ்சம் தாழ்நில வயல். அந்த மாரியில் பயிர் முழுக்கத் தண்ணீருக்குள். முகத்துவாரத்தை வெட்டச் சொல்லி மனுக் கொடுக்கப் போனால் அரசாங்கக் கந்தோரான கச்சேரிக்குத்தான் போகவேண்டும். கச்சேரி இருந்தது கோட்டைக்குள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அம்மப்பா அந்தத் தடித்த சுவரோரம் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. இறால் பிடிக்கிறவர்களும் அன்றைக்கு வந்திருந்தார்கள், இப்போது வெட்டவேண்டாம், இறாலெல்லாம் கடலுக்கு ஓடிவிடும் என்று சொல்ல. இரண்டு பகுதியும் ஒரே வாசலில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். கோட்டை கண்ட சண்டைகளில் இதை ஒருவரும் எழுதவில்லை.

உத்தரவு கிடைத்தது. வெட்டுகிற அன்று என்னையும் கூட்டிப்போனார். பத்துப் பன்னிரண்டு பேர் மண்வெட்டியோடு மணலில் ஒரு வாய்க்கால் இழுத்தார்கள். கடைசி முழத்தை வெட்டியபோது வந்த தண்ணீர் என் கணுக்கால்வரைகூட இல்லை. தேத்தண்ணி நிறம், அழுகின இலை மணம். "இவ்வளவுதானா?" என்றேன்.

"பொறு புள்ள. ஆறு தன்ட வாயத் தானே திறக்கும்."

கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் மணல் பொத்துப் பொத்தென்று இடிந்து விழுந்தது. பொழுதுபட முன்னம் நாங்கள் நின்ற இடமே இல்லை. இந்தப் பக்கம் நின்ற ஒருவருடைய சோற்றுப் பொட்டலம் அந்தப் பக்கத்தில் அகப்பட்டுவிட்டது. அவர் நின்று கத்துகிறார், அங்கே நின்றவர்கள் அதைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவி ஆட்டிக் காட்டினார்கள். அம்மப்பா அவ்வளவு சிரித்ததை நான் அதற்கு முதலும் காணவில்லை, பிறகும் காணவில்லை. வயலில் பாதி ஏற்கெனவே அழுகிவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

நாவலை விட்டுவிடாதையும். உமக்கு நடை இருக்கிறது, பறங்கித் தெருவில் வயலின் கேட்கிற அந்தப் பந்தியை இரண்டு தரம் வாசித்தேன். ஆனால் அந்த மூன்று கப்பலையும் வெளியே கொண்டுபோய் நிறுத்தும். கப்பித்தான் தோணியில் இறங்கட்டும். ஏற முதல் தோணிக்காரன் கூலி பேசட்டும், நல்லாய் இழுத்துப் பேசட்டும்.