இரண்டாம் உலகப் போர்க்காலச் சரக்குக் கப்பல்களில் எதன் கதை உங்களை அதிகம் பாதித்தது?

ஃபோர்ட் ஸ்டிக்கைன். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தின் விக்டோரியா டாக்கில் (கப்பல்கள் நின்று சரக்கு ஏற்றி இறக்கும் இடம்) வெடித்துச் சிதறிய கப்பல். எதிரி மூழ்கடித்த கப்பல்களின் கதைகள் நிறைய இருக்கின்றன. இந்தக் கப்பலை எந்த எதிரியும் தொடவில்லை. சரக்கை அடுக்கிய விதமும், தீப்பிடித்த பிறகு துணிந்து முடிவெடுக்க ஆள் இல்லாமல் போனதும்தான் இதை அழித்தன.

ஜெர்மன் நீர்மூழ்கிகளால் பிரிட்டன் இழந்துகொண்டே இருந்த சரக்குக் கப்பல்களுக்கு ஈடாக, கனடாவில் ஒரே வடிவமைப்பில் வரிசையாகக் கட்டியவை ஃபோர்ட் வகைக் கப்பல்கள். இது 1942இல் பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகத்தில் கட்டப்பட்டது, சுமார் 7,140 டன். 1944 பிப்ரவரியில் பிர்கன்ஹெட்டிலிருந்து கிளம்பியபோது ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருள் ஏற்றியிருந்தது. கூடவே ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள், கிட்டத்தட்ட 9 லட்சம் பவுண்டு மதிப்புள்ள தங்கக் கட்டிகள். வழியில் கராச்சியில் கொஞ்சம் சரக்கை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் 8,700 பஞ்சுப் பொதிகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் மரத்தையும் ஏற்றினார்கள்.

இரண்டாம் எண் சரக்கறையில் கீழே பஞ்சு, மேல் அடுக்கில் வெடிமருந்து! பஞ்சுப் பொதிக்குள் நெருப்பு புகுந்துவிட்டால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். அதை அணைப்பது மிகக் கடினம். சாதாரண காலத்தில் வெடிபொருள் கப்பலை டாக்குக்குள் விடவே மாட்டார்கள். போர் அவசரத்தில் அந்த விதியைத் தளர்த்தியிருந்தார்கள். ஏப்ரல் 12 அன்று கப்பல் உள்ளே வந்து நின்றது. ஆபத்தான சரக்கு இருப்பதைக் காட்டும் சிவப்புக் கொடிகூட ஏற்றப்படவில்லை.

எனக்கு மிகவும் வலிப்பது 14ஆம் தேதி பிற்பகலின் அந்த இரண்டு மணி நேரம்தான். 2 மணி வாக்கில் கப்பலில் தீ தெரிந்தது. தீயணைப்பு வீரர்கள் சுமார் 900 டன் தண்ணீரைச் சரக்கறைக்குள் பாய்ச்சினார்கள். ஆனால் நெருப்பு எங்கே இருக்கிறது என்பதே அவர்களுக்குப் பிடிபடவில்லை. தண்ணீர் ஏற ஏற, எரிகிற பஞ்சும் மிதந்து வெடிமருந்துப் பக்கம் உயர்ந்தது. கப்பலை அங்கேயே மூழ்கடிக்கலாமா, கடலுக்கு இழுத்துப் போகலாமா என்று பேச்சு ஓடியது. எஞ்சின் வேறு பழுதுபார்ப்பில் இருந்தது. கேப்டன், டாக் அதிகாரிகள், தீயணைப்புத் துறை, ராணுவம் என்று அத்தனை பேர் இருந்தும், 'இதைச் செய்' என்று உறுதியாகச் சொல்ல ஒருவரும் இல்லை. 3.50க்குத்தான் கப்பலை விட்டு இறங்கச் சொன்னார்கள். 4.06க்கு வெடித்தது. அரை மணி நேரம் கழித்து அதைவிடப் பெரிய இரண்டாவது வெடிப்பு.

சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளியிருந்த சிம்லாவின் நில அதிர்வுக் கருவியிலும் அது பதிவானது. அருகில் நின்ற ஜலபத்மா என்ற கப்பல் தூக்கி எறியப்பட்டது. பத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் நாசமாயின. சிதறி விழுந்த எரியும் பஞ்சு குடிசைப் பகுதிகளையும் கிடங்குகளையும் பற்றவைத்தது. இறந்தவர்கள் 800 முதல் 1,300 பேர் வரை என்பார்கள். சுமார் 80,000 பேர் வீடிழந்தார்கள். தணிக்கையால் மே மாதம் வரை இந்தச் செய்தியை வெளியிடவே அனுமதிக்கவில்லை. இவ்வளவு பேர் செத்த செய்தியை மறைத்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. தங்கக் கட்டிகள் பல ஆண்டுகள் கழித்தும் துறைமுகத்தைத் தூர்வாரும்போது கிடைத்தன. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தங்கத்தைத்தான் பெரிதாகப் பேசுகிறார்கள்.

நான் பேச விரும்புவது அந்த 66 தீயணைப்பு வீரர்களைப் பற்றி. எந்த நேரமும் வெடிக்கலாம் என்ற கப்பலின் தீயோடு போராடி உயிரை விட்டவர்கள் அவர்கள். ஏப்ரல் 14 இந்தியா முழுக்கத் தீயணைப்புச் சேவை தினமாக அனுசரிக்கப்படுவது அவர்களுக்காகத்தான். நம் ஊரில் தீத்தொண்டு நாள் என்கிறோம். அன்றைக்கு நமக்குச் சித்திரைப் புத்தாண்டும் சேர்ந்து வருவதால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. உங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்தில் அன்று காலை அஞ்சலி செலுத்துவார்கள், போய்ப் பாருங்கள்.