பக்கவாதமும் மூளை வீக்கமும்: வாசகர் கேள்விகள்

பக்கவாதம் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எப்படியோ சுற்றி வீக்கத்தில் வந்து நிற்கின்றன. இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாருக்கு இடது கை, கால் இழுத்துக்கொண்டது. முதல் நாள் சிடி ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள், பேசிக்கொண்டும் இருந்தார். மூன்றாம் நாள் கண்ணே திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டார்களா? (கோபிசெட்டிபாளையம்)

அப்படி நினைக்க வேண்டியதில்லை. ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தில் முதல் சில மணி நேரம் சிடி ஸ்கேன் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்யத்தான் அதை முதலில் எடுக்கிறோம்.

ரத்தம் போகாமல் செத்த செல்கள் உடைந்து, உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே கொட்டும். மூளையிலேயே குடியிருக்கும் மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் உடனே விழித்துக்கொண்டு சைட்டோகைன்கள் என்ற தகவல் சொல்லும் புரதங்களைச் சுரக்கும். அதன்பின் ஓரிரு நாளில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து வந்து குவியும். அழற்சி என்று நாங்கள் சொல்லும் இந்த அமளியில் சுரக்கும் நொதிகள், முக்கியமாக எம்எம்பி-9, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பை அரித்துவிடும். அந்த வழியாக நீர் கசிந்து மூளை வீங்கும். மண்டையோடு விரிந்து கொடுக்காதே, அதனால் வீங்கிய பக்கம் நல்ல பக்கத்தையும் நெருக்கும். வீக்கம் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் 2 முதல் 5 நாட்களுக்குள். மூன்றாம் நாள் மயக்கம் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

பெரிய குழாய் அடைத்து இப்படி வீங்கும்போது, 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து இடம் கொடுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. ஐரோப்பாவில் நடந்த மூன்று ஆய்வுகளைச் சேர்த்து 2007-இல் வெளியிட்ட முடிவில், அதைச் செய்துகொண்டவர்களில் 78 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். செய்யாதவர்களில் 29 சதவீதம்தான். பிழைத்த பலருக்கு ஊனம் மிஞ்சியது. குடும்பத்தாரிடம் கையெழுத்து வாங்கும் முன் இதையும் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி.

வீக்கம்தானே பிரச்சினை, ஸ்டீராய்டு கொடுத்தால் வற்றாதா? பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாய் கோணியபோது அதில்தானே சரியானது! (பல்லடம்)

அக்காவுக்கு வந்தது அநேகமாக பெல்ஸ் பால்சி, அதாவது முகத்துக்குப் போகும் நரம்பில் வரும் வீக்கம். அதில் அந்தப் பக்கம் கண்ணை மூட வராது, நெற்றியைச் சுருக்கவும் வராது. 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால் நல்ல பலன் உண்டு. பக்கவாதத்தில் பொதுவாக நெற்றி தப்பித்துக்கொள்ளும், கை காலும் சேர்ந்து தளரும். இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே தீர்மானம் செய்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

பக்கவாத வீக்கத்துக்கு ஸ்டீராய்டு உதவவில்லை. சர்க்கரை ஏறும், கிருமித் தொற்று சேரும். அதைவிட முக்கியமான காரணம், இந்த அழற்சி முழுக்க எதிரி அல்ல என்பது. முதல் நாட்களில் கெடுதல் செய்யும் அதே நோய் எதிர்ப்பு அமைப்புதான் அடுத்த வாரங்களில் செத்த செல்களை அள்ளி அப்புறப்படுத்தி, பழுது பார்க்கும் வேலைக்கு வழிவிடுகிறது. வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டாமல் தடுக்க என்லிமோமேப் என்ற மருந்தை 625 நோயாளிகளிடம் சோதித்தார்கள். மருந்து போட்டவர்கள்தான் அதிகம் இறந்தார்கள், காய்ச்சலும் அவர்களுக்கே அதிகம். 2001-இல் வெளியான அந்த முடிவு, அழற்சியைக் கண்மூடித்தனமாக அணைக்கலாம் என்ற நம்பிக்கையை நன்றாகவே அடக்கியது.

மஞ்சள் வீக்கத்தைக் குறைக்கும் என்கிறார்களே, அய்யனுக்குக் கேப்சூல் வாங்கித் தரலாமா? (ஈரோடு)

ஈரோட்டுக்காரரிடம் மஞ்சளைக் குறைத்துப் பேசுவது சங்கடம்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் எலிகளின் மூளையில் வீக்கத்தைக் குறைத்திருக்கிறது. மனிதக் குடலில் அது சரியாக உறிஞ்சப்படுவதே இல்லை. குழம்பில் தாராளமாகப் போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கேப்சூல் மட்டும் வேண்டாம், ரத்தக்கசிவு கூடலாம்.

வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்று நர்ஸ் சொல்லியும், மனசு கேட்காமல் ஆத்தாவுக்கு இளநீர் கொடுத்தோம். இப்போது நிமோனியா என்கிறார்கள். இளநீர் குளிர்ச்சியாலா? (பொள்ளாச்சி)

குளிர்ச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விழுங்கும் தசைகள் தளர்ந்திருந்தால் இளநீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நீர்போல இருப்பதுதான் மிகவும் ஆபத்து, இருமல்கூட வராமல் இறங்கும். இன்னொரு வினோதமும் உண்டு: மூளையில் அழற்சி கொதிக்கும் அதே நேரத்தில், உடம்பின் மற்ற இடங்களில் எதிர்ப்புச் சக்தி சரிந்திருக்கும். நீங்கள் கொடுக்காவிட்டாலும், ஊறும் எச்சிலே போதும் தொற்று வர. அதனால் உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். காய்ச்சலும் ஏறிய சர்க்கரையும் மூளைச் சேதத்தைக் கூட்டும், இரண்டையும் விடாமல் கவனிக்கச் சொல்லுங்கள். விழுங்கும் சோதனை செய்து சரி என்ற பிறகு, உட்கார வைத்து, அவர்கள் சொல்லும் பக்குவத்தில் ஊட்டுங்கள்.

புறா ரத்தம் தேய்த்தால் கை கால் வருமா? (காங்கேயம்)

வராது. குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். குழாய் வழியாகக் கட்டியை எடுப்பது தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை முடியும். புறா தேடுகிற நேரத்தில் 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்கேன் பார்க்காமல் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், கசிவாக இருந்தால் வினை. விடியற்காலை எழும்போதே கை வராமல் இருந்தால், மணி எழுந்த நேரத்திலிருந்து ஓடாது. கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து ஓடும். அதைச் சொல்லத் தெரிந்த ஒருவர் வண்டியில் கூடவே ஏறி வாருங்கள்.