'மைனஸ் 5' என்று போட்டிருந்தும் நடுங்கியது ஏன்?

கேள்வி: மலை ஏரிக்கரையில் இரண்டு இரவு கூடாரம் அடித்துத் தங்கினோம். பெட்டியில் 'மைனஸ் 5 டிகிரி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பித்தான் ஸ்லீப்பிங் பேக் வாங்கினேன். வெளியே 4 டிகிரிதான் இருந்தது. ஆனால் விடியும்வரை பல் தந்தியடித்தது. பையில் குறையே இல்லை என்கிறார் கடைக்காரர். நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: பாதி ஏமாந்திருக்கிறீர்கள். பைக்குள் தைத்திருக்கும் சிறிய துணிச்சீட்டைத் தேடிப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ 23537 தரத்தின்படி சோதித்த பையானால் அதில் மூன்று வெப்பநிலைகள் இருக்கும். 'கம்ஃபர்ட்' என்பது சராசரிப் பெண் ஒருவர் கைகாலை நீட்டி நிம்மதியாக உறங்கக்கூடிய அளவு. 'லிமிட்' என்பது சராசரி ஆண் ஒருவர் உடலைக் குறுக்கிக்கொண்டு ஒருவாறு உறங்கிவிடக்கூடிய எல்லை. மூன்றாவது 'எக்ஸ்ட்ரீம்'. அதற்கும் உறக்கத்திற்கும் தொடர்பே இல்லை. ஆறு மணி நேரம் உயிர் தாங்கும், அதுவும் உடல் விறைத்துப்போகும் ஆபத்தோடு என்பதுதான் அதன் பொருள். உங்கள் பெட்டியின் முகப்பில் ஏறியிருப்பது இந்த மூன்றாவது எண்ணாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். வாங்கும்போது பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் எண்ணை மட்டுமே.

அந்தச் சீட்டே இல்லையென்றால் விஷயம் வேறு. அப்போது 'மைனஸ் 5' என்பது வெறும் விளம்பர வாசகம். எந்தத் தரத்தின்படி சோதித்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெட்டியின் படமும் பில்லும் கையில் இருக்கட்டும். பதில் வராவிட்டால் புகார் செய்ய அதுவே போதுமான காரணம்.

ஆனால், கீழே என்ன விரித்தீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. என் சந்தேகமெல்லாம் அங்கேதான். நாம் படுத்ததும் பையின் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கி அப்பளமாகிவிடுகிறது. காற்றைப் பிடித்துவைக்க அதற்குத் தெம்பு இல்லை. சோதனைக்கூடத்தில் பைக்குள் வைத்துச் சோதிக்கும் மனித உருவப் பொம்மையைக்கூட வெறுந்தரையில் கிடத்துவதில்லை, மேட் மேல்தான் கிடத்துகிறார்கள். நான் முதன்முதலில் போனபோது வீட்டிலிருந்த காற்று மெத்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு சாண் உயரம், பார்க்க ராஜ படுக்கை. நள்ளிரவில் முதுகு ஐஸ் கட்டியாகிவிட்டது. உள்ளே இருக்கும் காற்று தடையின்றிச் சுழன்று உடலின் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும் என்று அன்றைக்குத் தெரியாது.

மேட் வாங்கும்போது 'ஆர் மதிப்பு', அதாவது சூடு வெளியேறுவதை அது எவ்வளவு தடுக்கும் என்ற எண், என்ன என்று கேளுங்கள். அதை அளப்பதற்கான பொதுத் தரமான ஏ.எஸ்.டி.எம் எஃப்3340 முறைப்படி அளந்திருந்தால் ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றோடு தயங்காமல் ஒப்பிடலாம். கோடைக்கு 2 போதும். நீங்கள் சொல்லும் குளிருக்கு 4 இருந்தால் நல்லது. இந்த மதிப்பைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி: 2 உள்ள ஃபோம் மேட்டின் மேல் 3 உள்ள காற்று மேட்டைப் போட்டால் 5. ஆகவே பையை மாற்றும் முன் ஒரு ஃபோம் மேட் வாங்கிப் பாருங்கள். செலவு குறைவு, ஓட்டை விழும் கவலையும் இல்லை.

இடத்தையும் பாருங்கள். இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கி ஏரிப் பள்ளத்தில் தேங்கும். கரையை ஒட்டிப் படுப்பதைவிடச் சற்று உயரமான இடத்தில், நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிக் கூடாரம் அடித்தால் குளிரும் குறையும், ஏரிக்கும் நல்லது.

கேள்வி: மழையே பெய்யவில்லை. ஆனாலும் காலையில் கூடாரத்தின் உள்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஒழுகும் கூடாரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கடை மறுக்கிறது.

பதில்: இந்த வழக்கில் நான் கடையின் பக்கம். அது உங்கள் மூச்சு. உறங்கும்போது விடும் ஈரக்காற்று குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. ஏரியின் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. துணி முழுக்க முத்து முத்தாக நீர் நின்றால் மூச்சு. தையல் ஓரமாகக் கோடுபோல வழிந்தால், அல்லது ஒரே இடத்தில் சொட்டினால் ஒழுகல். சந்தேகமிருந்தால் வெயில் நாளில் கூடாரத்தை விரித்து, குழாய்நீரைக் கால்மணி நேரம் பீய்ச்சி உள்ளே தடவிப் பாருங்கள். தையல் நனைந்தால் அதைப் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், அப்போது நான் உங்கள் பக்கம். இல்லையென்றால் காற்றுவழிகளைத் திறந்துவைத்து உறங்குங்கள். குளிருக்குப் பயந்து அவற்றை மூடிவிட்டு உள்ளே அடுப்புப் பற்றவைப்பவர்களும் இருக்கிறார்கள். அடுப்பு வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, வேண்டவே வேண்டாம்.

கேள்வி: 0.1 மைக்ரான் அளவு நுண்துளைகள் கொண்ட வடிகட்டி இருந்தால் ஏரி நீரை அப்படியே குடிக்கலாமா?

பதில்: பாக்டீரியாவையும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும் அது பிடித்துவிடும், வைரஸைப் பிடிக்காது. வடிகட்டியபின் கொதிக்கவைத்தால் அந்தக் கவலை தீரும்: ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். ஆனால் நீர்ப்பரப்பில் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் பாசி படர்ந்திருந்தால் இரண்டும் உதவாது. அதன் நஞ்சு கொதித்தாலும் போகாது. வேறு நீர் தேடுங்கள். இன்னொன்று, விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை: ஒருமுறை நனைந்த வடிகட்டி உறைந்துபோனால் உள்ளிருக்கும் நுண்குழாய்கள் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் புதிதுபோலவே இருக்கும். இரவில் அதையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'அமைதியான ஏரி முகாம்' என்ற விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டலாமா?

பதில்: 'அமைதி' என்ற சொல்லுக்குத் தர முத்திரை கிடையாது. மோட்டார் படகு ஓடுகிறதா, ஜெனரேட்டரை எத்தனை மணிக்கு நிறுத்துகிறார்கள், எத்தனை கூடாரங்களுக்கு இடம் என்று மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்பிப் பதில் வாங்குங்கள். சாலை மூடப்பட்டால் பணம் திரும்புமா என்பது நான்காவது. தொலைபேசியில் 'அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்' என்றால், முன்பணத்தை உங்களிடமே பார்த்துக்கொள்ளுங்கள்.