சர்வீஸ் பக்கம் ஆறு மாதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். போர்வெல் மோட்டார்கள் வரைகிறேன். இப்போது ஆறு மாதம் சர்வீஸ் பிரிவுக்குப் போகச் சொல்கிறார்கள். இதற்காகவா படிக்க வைத்தோம் என்று வீட்டில் வருத்தம். புகார் எல்லாம் ரிப்போர்ட்டாக என் மேசைக்கே வருகிறது. நேரில் போய் புதிதாக என்ன தெரிந்துவிடும்?

ஒரு வாசகர், கணபதி

அன்புள்ள தம்பி,

சந்தோஷமாகப் போய்விட்டு வாருங்கள்.

ரிப்போர்ட்டில் 'காயில் எரிந்துவிட்டது' என்று இருக்கும், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று. ஏன் எரிந்தது என்பது தோட்டத்தில் இருக்கிறது. அன்னூர், பல்லடம் பக்கம் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் பாருங்கள், பல இடங்களில் கண்டன்சர் மாட்டியிருக்கும். மும்முனை மின்சாரம் நேரம் பார்த்து வந்த காலத்துப் பழக்கம் அது. இருமுனை வரும்போதும் வாழைக்குத் தண்ணீர் விட்டாக வேண்டுமே! மூன்றாவது முனையைக் கண்டன்சரால் ஒப்பேற்றி ஓட்டுவார்கள். அப்போது மூன்று முனையிலும் கரண்ட் சமமாக ஓடாது, அதிகம் இழுக்கும் காயில் சூடேறும். அப்புறம், ஊரே ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் வோல்டேஜ் விழும். 415 வோல்ட் 330-க்கு இறங்கினால் மோட்டாரைச் சுழற்றும் முறுக்குவிசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், அப்போதும் காயில் சூடேறும். முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்ற சூத்திரம் உங்களுக்குத் தெரியும். எந்த மாதம், எந்த நேரத்தில் அப்படி இறங்குகிறது என்பது தோட்டக்காரருக்குத்தான் தெரியும்.

அதை ஒரு நாள் வந்துபோகிறவரிடம் அவர் சொல்ல மாட்டார். கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வருகிறார் என்றாலே வாரண்டிக்குப் பயந்து கண்டன்சரைக் கழற்றி வைத்துவிடுவார்கள். ஆறு மாதம் அதனால்தான் வேண்டும்.

மோட்டார் ஏற்றி இறக்கும் ஆட்களோடு சேர்ந்து நீங்களும் ஸ்பானர் பிடியுங்கள். 800 அடிக்கு 20 அடிக் குழாய் என்றால் 40 குழாய். ஒவ்வொன்றாகக் கழற்றி பம்ப் வெளியே வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். அந்த வெளிச்சத்தில், கிரீஸ் கையோடு, கேபிள் மூடியின் சின்ன ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும். போர்வெல்லுக்குள் விழுந்தால் போச்சு. பம்புக்கும் பாறைக்கும் நடுவே விரல் நுழையும் இடம்தான் இருக்கிறது. அதில் ஏதாவது சிக்கிக்கொண்டால் மோட்டார் மேலேயும் வராது, கீழேயும் போகாது. ஸ்க்ரூ மூடியை விட்டுக் கழன்று விழாதபடி அமைக்க வேண்டும் என்று அங்கேதான் தோன்றும். கம்ப்யூட்டர் திரையில் அதே ஸ்க்ரூ உள்ளங்கை அளவுக்குத் தெரிகிறதே!

வீட்டில் ஒன்று சொல்லுங்கள். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியை 1951-ல் தொடங்கியதே பம்பும் மோட்டாரும் செய்துகொண்டிருந்த தொழிற்கூடத்தின் வளாகத்தில்தான். பட்டறையும் படிப்பும் நம் ஊரில் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை.

காயில் கட்டும் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். எரிந்த காயிலைப் பார்த்தே, ஒரு முனை போய் எரிந்ததா, ஓவர்லோடில் எரிந்ததா என்று அங்கே சொல்லிவிடுவார்கள். மற்ற கம்பெனி மோட்டார்களும் அங்கே வரும். அவற்றையும் நோட்டில் எழுதி வையுங்கள்.