லாக்கரில் வைத்திருந்த 24 காரட் தங்கக் காசில் செம்புள்ளிகள் வந்திருக்கின்றன. வங்கி ஏமாற்றிவிட்டதா?

அநேகமாக இல்லை. ஆனால் காசை மட்டும் தேய்த்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் தேய்த்தோம், அதனால் சொல்கிறேன்.

2010 அட்சய திருதியைக்கு ஒரு வங்கியில் பத்து கிராம் காசு இரண்டு வாங்கினோம். சுவிட்சர்லாந்தில் அச்சானவை, 999.9 என்று பொறித்தவை. சாமி படத்துக்கு முன் உறையோடு வைத்தால் பூசையாகாது என்று மாமியார் உறையைக் கிழித்துவிட்டார். பிறகு நகைக்கடை ரோஸ் தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, வெள்ளிக் கொலுசு கிடந்த டப்பாவிலேயே போட்டு வைத்தோம். எட்டு ஆண்டு கழித்து எடுத்துப் பார்த்தால், ஒரு காசில் குங்குமம் தெறித்தாற்போல் ஐந்தாறு புள்ளிகள். சாய்த்துப் பிடித்தால் அவற்றின் ஓரம் ஊதாவாகத் தெரிந்தது. இன்னொன்றில் ஒரே ஒரு புள்ளி.

"செம்பைக் கலந்துவிட்டான் பாவி" என்றார் மாமியார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. அவரிடம் ராஜா தலை போட்ட பழைய சவரன் ஒன்று இருக்கிறது. அது 22 காரட். நூற்றுக்கு எட்டு பங்குக்கு மேல் செம்பு. அதில் படிந்திருந்த பழுப்புத் திட்டைப் புளி போட்டு எடுத்தவர் அவர். அதே புளியை இந்தக் காசில் போட்டார், புள்ளி அசையவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்: செம்புக் களிம்பென்றால் பித்தளைக் குடத்தில் போவதுபோல் போயிருக்குமே. அடுத்து வெள்ளி விளக்குத் துலக்கும் விபூதியை எடுத்தார். புள்ளி போனது. கூடவே காசின் பளபளப்பும் போய், அந்த இடமே மூடுபனி படிந்த கண்ணாடி மாதிரி ஆனது. சொக்கத் தங்கம் நகத்தைவிடப் பெரிதாகக் கடினமானதல்ல. சாம்பலில் இருக்கும் சிலிக்கா அதைக் கீறத்தான் செய்யும்.

புள்ளி விபூதிக்குப் போனதிலேயே விடையும் இருந்தது. அந்தப் புள்ளி வெள்ளியின் கறுப்பு. தங்கம் காற்றோடும் கந்தகத்தோடும் சாதாரணமாகச் சேர்வதில்லை. ஆனால் தங்கக் காசு அடிக்கும் ஆலைகளில் வெள்ளிக் காசும் அடிப்பார்கள். உருளையிலோ அச்சிலோ ஒட்டிய வெள்ளித் துகள், கண்ணுக்கே தெரியாத அளவு, தங்கத்தின் மேல் விழுந்தால் அச்சின் அழுத்தத்தில் அப்படியே பதிந்துவிடும். கடையை விட்டு வரும்போது ஒன்றும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் காற்றிலுள்ள கந்தகம் அந்தத் துகளோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாக மாறி மெல்லிய படலமாகப் படரும்போதுதான் நிறம் காட்டும். மழை விட்ட சாலையில் சிந்திய பெட்ரோல் பல நிறம் காட்டுகிறதே, அதே கணக்கு. படலத்தின் தடிமனைப் பொறுத்து மஞ்சள், சிவப்பு, ஊதா, நீலம். இப்படிப் புள்ளி விழுந்த காசுகளை ஆய்வகத்தில் பார்த்தவர்கள் கண்டதும் வெள்ளியும் கந்தகமும்தான். சீனத்துப் பாண்டா, கனடாவின் மேப்பிள் லீஃப், ரஷ்யாவின் செயின்ட் ஜார்ஜ் என்று பெயர்பெற்ற காசுகளிலேயே இது வருகிறது. கள்ளக் காசுக்கு அடையாளமே அல்ல.

கந்தகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், எங்கள் டப்பாவிலேயே பாதி இருந்தது. ரப்பரைக் கந்தகம் சேர்த்துத்தான் பதப்படுத்துகிறார்கள். மீதிக்கு நாங்கள் குடியிருக்கும் சிந்தாதிரிப்பேட்டை போதும். கூவத்தின் நாற்றத்தில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டு. இங்கே கொலுசு கறுப்பதற்கு நாளாவதில்லை.

போலியா என்ற பயம் தீரவில்லையா? 0.01 கிராம் வரை காட்டும் தராசு இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது காசின் எடையை அல்ல, காசு விலக்கிய நீரின் எடையை. பத்து கிராம் சொக்கத் தங்கமென்றால் அது 0.52 கிராம். வெள்ளியென்றால் 0.95, செம்பென்றால் 1.1-க்கு மேல். டங்ஸ்டன் மட்டும் இந்தச் சோதனையை ஏமாற்றும், அதன் அடர்த்தியும் தங்கத்தின் அடர்த்திதான். அந்த அளவுக்குச் சந்தேகமென்றால் தங்கத்தைச் சோதிப்பதையே தொழிலாகச் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். விற்ற வங்கியிடம் போய் நிற்பதில் பயனில்லை, வங்கிகள் விற்ற காசைத் திரும்ப வாங்குவதில்லை.

புள்ளியை எடுத்தே ஆகவேண்டுமா என்பது எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உருக்கி நகை செய்யப் போகிறீர்கள் என்றால் புள்ளியும் ஒன்று, கீறலும் ஒன்று, எடைக்குத்தான் விலை. சேகரிப்புக் காசென்றால் புள்ளியை மன்னிப்பவர்கள்கூடத் தேய்த்த காசை மன்னிக்க மாட்டார்கள். வெள்ளி துலக்கும் கரைசலில் சில நொடி முக்கினால் புள்ளி கரையும் என்று எங்கள் பத்தர் சொன்னார். கரைவது சல்பைடுதான், அடியில் பதிந்த வெள்ளி அங்கேயே இருக்கும், மறுபடி கறுக்கலாம். நான் முக்கவில்லை.

இப்போது இரண்டையும் கெட்டியான அக்ரிலிக் குப்பிகளில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன். விரலால் தொடுவதென்றால் விளிம்பில் மட்டும். வளைகிற மென்மையான பிவிசி உறைகள் வேண்டாம், நாளாக ஆக அவை கசிந்து பிசுபிசுக்கும். செம்பு கலந்த சவரனில் அது பச்சையாகவே ஏறிவிடும். இரண்டாவது காசின் புள்ளி அப்படியே இருக்கிறது, மாமியார் அதைப் பொட்டு என்கிறார். ரப்பர் பேண்ட் சமையலறைக்குப் போய்விட்டது, கறிவேப்பிலைக் கட்டுக்கு.