கயோட்டியை வாய் ஊதலால் அழைக்கப் பழகுவது: டெக்சாஸ் வெள்ளாட்டுப் பண்ணையாளருக்குப் பதில்

கேள்வி: ஐயா, டெக்சாஸ் மாநிலத்தில் சான் ஏஞ்சலோவுக்கு அருகே 150 ஏக்கரில் போயர் வெள்ளாடுகள் வளர்க்கிறேன். தாய் ஆடுகள் 55. ஏப்ரலில் குட்டி போடத் தொடங்கியதிலிருந்து ஐந்து குட்டிகளை இழந்துவிட்டேன். இரண்டின் உடல் கிடைத்தது, மூன்று தடயமே இல்லாமல் மறைந்தன. நரி போன்ற வட அமெரிக்கக் காட்டு விலங்கான கயோட்டிதான் என்கிறார்கள். அதை வரவழைக்க மின்னணுக் கருவியில் முயல் அலறலை இரண்டு நாள் ஒலிக்கவிட்டேன். முதல் நாள் ஒன்று வந்து, பாதியிலேயே திரும்பி ஓடியது. அடுத்த நாள் எதுவும் வரவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் வாய்க்குள் வைத்து ஊதும் டயாஃப்ரம் ஊதல்கள் மூன்றைக் கொடுத்தார். வாயில் வைத்தாலே குமட்டுகிறது, ஊதினால் வெறும் காற்றுதான் வருகிறது. இதைப் பழகுவது எப்படி? பழகினால் மிச்சமுள்ள குட்டிகள் பிழைக்குமா?

பதில்: கிடைத்த இரண்டு உடல்களையும் தோலுரித்துப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கயோட்டி பெரும்பாலும் தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்புறமாகத் தொண்டையைக் கவ்வி மூச்சை அடைத்துக் கொல்லும். சின்னக் குட்டியென்றால் தலையையோ கழுத்தையோ கடித்து, அப்படியே தூக்கிக்கொண்டும் போய்விடும். உங்கள் மூன்று குட்டிகள் தடயமில்லாமல் மறைந்ததற்கு இது பொருந்துகிறது. இருக்கும் உடலில் தொண்டைப் பகுதியின் தோலை உரித்தால் உள்பக்கம் இரத்தம் கட்டியிருக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போது பட்ட கடிக்குத்தான் இரத்தம் கட்டும். கட்டவில்லையென்றால் குட்டி வேறு காரணத்தால் இறந்து, பிறகுதான் எதுவோ வந்து தின்றிருக்கிறது. பின்னந்தொடையும் காதும் தாறுமாறாகக் கிழிந்திருந்தால் ஊர் நாய்களைச் சந்தேகியுங்கள். பிறந்த ஈரம் காயாத குட்டியின் கண்ணும் நாக்கும் போயிருந்தால் அது கரும் பிணந்தின்னிக் கழுகின் வேலை. அந்தப் பறவைக்குக் கூட்டாட்சிச் சட்டப் பாதுகாப்பு இருப்பதால் வழியே வேறு. காட்டுப் பன்றியும் உங்கள் பகுதியில் குட்டி தின்னும். தப்பான விலங்கை நினைத்துக்கொண்டு ஆறு வாரம் ஊதல் பழகுவதைவிட, அரை மணி நேரம் கத்தியோடு உட்காருவது மேல். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கயோட்டிதான் என்று உறுதியானால், இந்தப் பருவம் ஏன் முக்கியம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கயோட்டி ஜனவரி முதல் மார்ச் வரை இணைசேரும். இரண்டு மாதச் சினை. ஏப்ரலிலும் மே மாதத்திலும் வளைக்குள் நான்கைந்து குட்டிகள் வாய் திறந்து காத்திருக்கும். உங்கள் ஆடு குட்டி போடுவதும் அதே வேளையில்தான். கலிபோர்னியாவின் ஹாப்லண்ட் ஆராய்ச்சிப் பண்ணையில் கயோட்டிகளின் கழுத்தில் வானொலி அலை அனுப்பும் பட்டை கட்டித் தொடர்ந்தபோது, செம்மறிகளைக் கொன்றவை பெரும்பாலும் அந்த எல்லையை ஆண்ட இனப்பெருக்க ஜோடிகளே என்று தெரிந்தது. யூட்டாவில் ஜோடிகளுக்குக் கருத்தடை செய்து, எல்லையிலேயே விட்டுப் பார்த்தார்கள். பாலூட்டக் குட்டி இல்லாத ஜோடி ஆட்டுக்குட்டிகளைக் கொல்வது வெகுவாகக் குறைந்தது. ஆக, உங்களுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டியது மாவட்டத்துக் கயோட்டிகள் அத்தனையோடும் அல்ல. உங்கள் வேலியை ஒட்டி வாழும் ஒரே ஒரு ஜோடியோடுதான். ஊதல் அந்த ஜோடியோடு பேசுவதற்கான கருவி. தப்பாகப் பேசினால் அவை ஒரு முறையிலேயே கற்றுக்கொள்ளும். முதல் நாள் வந்து திரும்பிய அந்த ஒன்று, முயல் அலறலும் மனித வாடையும் சேர்ந்தே வரும் என்று கற்றுக்கொண்டு போயிருக்கலாம். அதனால்தான் வீட்டில் ஒழுங்காக ஒலி எழும் வரை வயலுக்கு இந்த ஊதலைக் கொண்டுபோகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி ஊதலுக்கு வருவோம். குதிரை லாட வடிவில் மெல்லிய உலோகச் சட்டம், அதில் இழுத்துக் கட்டிய ரப்பர்பால் சவ்வு, சுற்றிலும் நாடா. வான்கோழியையும் எல்க் மானையும் அழைக்கிறவர்களின் கையில் நெடுங்காலமாக இருக்கும் பொருள்தான். சிறுவயதில் பூவரச இலையைச் சுருட்டி, முனையை நசுக்கிப் பீப்பீ ஊதியிருந்தால் இதன் தத்துவம் உங்களுக்குப் பாதி தெரியும். நாதசுரத்தின் சீவாளி செய்கிற வேலையை இங்கே சவ்வு செய்கிறது. சீவாளியை உதடு அழுத்தும், சவ்வை நாக்கு அழுத்தும். வேறுபாடு அவ்வளவுதான்.

கையில் உள்ள மூன்றில் சவ்வு குறைவாக உள்ளதை, ஒற்றைச் சவ்வோ இரட்டைச் சவ்வோ, எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சவ்வு உள்ளதற்கு அதிகக் காற்று வேண்டும், அது பிறகு. ரப்பர்பால் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. லாடத்தின் திறந்த பக்கம் பற்களை நோக்கி இருக்க வேண்டும். சவ்வுகள் நீளம் மாறியிருந்தால் குட்டையானது கீழே. "ஞ" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நடுநாக்கு மேலண்ணத்தில் எங்கே ஒட்டுகிறதோ அங்கேதான் ஊதலின் இடம். குமட்டல் வருகிறதென்றால் பெரும்பாலும் ஊதல் அதற்கும் பின்னால் போயிருக்கிறது, அல்லது நாடா உங்கள் அண்ணத்துக்கு அகலமாக இருக்கிறது. நாடாவின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் நூலளவு நூலளவாக வெட்டி, வைத்துப் பார்த்து, மறுபடி வெட்டுங்கள். உலோகச் சட்டத்தைத் தொடாதபடி வெட்டுவது முக்கியம். சட்டத்தை நடுவில் லேசாக வளைத்தால் அண்ணத்தின் குழிவுக்குப் பொருந்தும். குறுகிய அண்ணம் உள்ளவர்களுக்குச் சிறுவர் அளவு ஊதலே சரியாக அமையும்.

முதல் இரண்டு மூன்று நாள் ஊதவே வேண்டாம். வேலியைச் சுற்றி நடக்கும்போதும் தீவனம் போடும்போதும் பத்து நிமிடம் வாயில் சும்மா வைத்திருங்கள். மூக்கால் மூச்சு விடுங்கள். எச்சில் ஊறும், நாக்கு அதைத் துழாவும், பிறகு வாய் அதை ஏற்றுக்கொள்ளும். வண்டி ஓட்டும்போதும் ஓடும்போதும் மட்டும் வேண்டாம். விழுங்கிவிட்டால் ஆபத்து.

பிறகு காற்று. விசிலடிக்கிற மாதிரி உதட்டால் ஊதுவதால்தான் உங்களுக்கு வெறும் காற்று வருகிறது. மூக்குக் கண்ணாடியைத் துடைக்குமுன் ஆவி படிய "ஹா" என்று விடுவோமே, அந்த மூச்சு வேண்டும். அது வயிற்றிலிருந்து எழும். ஊதலின் நாடா அண்ணத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். மேல்பக்கமாகக் காற்று கசிந்தால் ஒலி பிறக்காது. நாக்கின் நடுப்பகுதியால் சவ்வை மெல்லத் தொட்டுக்கொண்டு "ஹா" விடுங்கள். முதலில் ஒரு கரகரப்பு கேட்கும். அதுவே வெற்றி. நாக்கை இன்னும் அழுத்தினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஒரு வாரம் இந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பழகுங்கள், ஒரே மூச்சில், உடையாமல். சங்கீதம் பழகுகிறவர் சரளி வரிசையைத் தாண்டிக் கீர்த்தனைக்கு ஓடினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும்.

ஏற்ற இறக்கம் கைக்கு வந்ததும் ஊளை எளிது. தாழ்ந்த சுருதியில் தொடங்கி, நாக்கழுத்தத்தைக் கூட்டி மேலே கொண்டுபோய், இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, முடிவில் லேசாக வழுக்கி இறக்குங்கள். கைகளைக் குவித்து வாய் முன் வைத்தால் ஒலி தொலைவுக்குப் போகும். தனி ஊளை என்பது "நான் இங்கே இருக்கிறேன்" என்பதுதான். அதில் குரைப்பையும் உறுமலையும் கலந்தால் சண்டைக்கு அழைப்பாகிவிடும். தொடக்கக்காரர் அதைத் தவிர்ப்பது நல்லது, இளம் கயோட்டிகள் மிரண்டு ஓடும். முயல் அலறலுக்குத் தாடையைத் திறந்து மூடி "வ்வா வ்வா" என்று குரல் உடைய உடைய ஊத வேண்டும். இங்கே சுத்தமான ஒலி தேவையில்லை, உயிர்வலி கேட்டால் போதும். மூன்றாவது, குட்டியின் கதறல். நாய்க்குட்டியின் வாலை யாரோ மிதித்துவிட்டால் எழும் "கைய்ங் கைய்ங்", அதே ஒலியை உயர்ந்த சுருதியில், விரைவாக, நாக்கை வெட்டி வெட்டி எழுப்புங்கள். கயோட்டியின் ஒலிகளை ஆராய்ந்த பிலிப் லேனர் 1978ஆம் ஆண்டு 11 வகைகளைப் பிரித்துக் காட்டினார். உங்களுக்கு இந்த மூன்றே போதும்.

மே முதல் ஜூலை வரை குட்டிக் கதறலுக்கு ஈடான ஒலி கிடையாது. வளைக்கு அருகே அது கேட்டால் பெற்றோர் இரண்டும் பசி இல்லாவிட்டாலும் பாய்ந்து வரும். அதைச் சொல்லும்போதே மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். பாலூட்டும் தாயைச் சுட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் வளைக்குள் இருப்பவை பட்டினியால் சாகும். எனக்கு அது ஒப்பவில்லை. இந்தப் பருவத்தில் வேறு வழியில்லை என்றால், டெக்சாஸ் ஏ அண்ட் எம் அக்ரிலைஃப் விரிவாக்கச் சேவையும் அமெரிக்க வேளாண்மைத் துறையும் சேர்ந்து நடத்தும் வனவிலங்குச் சேவைப் பிரிவை அழையுங்கள். வளையைக் கண்டறியத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். நீங்களே செய்வதானால் ஜனவரி, பிப்ரவரியில், அவை இணைசேர்ந்து எல்லையைக் காக்கும்போது, ஊளையால் அழைப்பதே சரியான காலம். அப்போது அகற்றிய ஜோடிக்குக் குட்டி இருக்காது, உங்கள் ஆடுகளும் அடுத்த ஏப்ரலை நிம்மதியாகக் கடக்க வாய்ப்பு கூடும்.

இடத்தில் உட்காரும் முறையில்தான் முதல் நாள் நீங்கள் தோற்றீர்கள் என்று நினைக்கிறேன். ஒலியைக் கேட்ட கயோட்டி நேராக வராது, சுற்றிப்போய்க் காற்று வீசிச் செல்லும் பக்கமாக வந்து மோப்பம் பிடிக்கும். எனவே காற்று உங்கள் கன்னத்தில் குறுக்காக அடிக்கும்படி உட்காருங்கள். காற்று போகும் திசையில் மறைவில்லாத வெட்டவெளி இருக்கட்டும். அது அங்கே வரும்போது கண்ணில் பட வேண்டும். வண்டியை மேட்டுக்கு அப்பால் நிறுத்தி, கதவை அறையாமல் மூடி நடங்கள். மெஸ்கீட் என்னும் முட்புதரின் நிழலில் முதுகைச் சாய்த்து, சூரியன் பின்னால் இருக்கும்படி அமருங்கள். அரை நிமிடம் ஊதி, இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் இருங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் எதுவும் வராவிட்டால் எழுந்து அமைதியாகப் போய்விடுங்கள். வாய் ஊதலின் பெரிய நன்மை கைகள் இரண்டும் ஓய்வாக இருப்பது. கடைசி ஐம்பது மீட்டரில் கயோட்டியை நிறுத்த ஒரு சின்ன "வுஃப்" போதும், விரல்கூட அசைய வேண்டாம். ஆனால் ஒலி உங்களிடமிருந்தே பிறப்பதால் அதன் கண்ணும் உங்கள் மேலேயே இருக்கும். மின்னணுக் கருவியைத் தள்ளி வைக்கலாம், வாயைத் தள்ளி வைக்க முடியாது.

இதை அழுத்திச் சொல்கிறேன்: குட்டிக் கதறலுக்கு நாய்களும் வரும். உங்களிடமோ பக்கத்தவரிடமோ கிரேட் பிரனீஸ், அனடோலியன் காவல் நாய்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லி, அவற்றைக் கட்டிவைத்த பிறகே ஊதுங்கள். அரையிருட்டில் அசைகிற உருவத்தைப் பார்த்துச் சுட்டு, பின்னர் தன் நாயைத் தூக்கிவந்த ஒருவரை நான் அறிவேன். முழு உடலும் தெளிவாகத் தெரியாத எதையும் சுடக் கூடாது. ஊதலைக் கேட்டு வேறொரு வேட்டைக்காரர்கூட உங்களை நோக்கி வரக்கூடும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, டெக்சாஸில் கயோட்டியை வேட்டையாடத் தடை உள்ள பருவம் கிடையாது. கால்நடையைத் தாக்கிய கயோட்டியை அகற்ற வேட்டை உரிமமும் தேவையில்லை. ஆனால் உங்கள் விசா என்ன என்று நீங்கள் எழுதவில்லை. நிரந்தரக் குடியுரிமை இல்லாமல் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. ஆகவே மாநிலம் கேட்காவிட்டாலும் அந்த நிலையில் உள்ளவருக்கு உரிமம் அவசியமாகிறது. வழக்கறிஞரிடம் கேட்காமல் துப்பாக்கியைத் தொடாதீர்கள்.

பழகினால் மிச்சக் குட்டிகள் பிழைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆண்டுக் குட்டிகளை ஊதல் காப்பாற்றாது, அது கைவரவே வாரங்கள் ஆகும். இன்று மாலையே சினை ஆடுகளையும் குட்டிகளையும் வீட்டை ஒட்டிய பட்டிக்குக் கொண்டுவந்து அடையுங்கள். நம் கீதாரிகள் நரிக்குப் பயந்து குட்டிகளைக் கொடாப்பு என்னும் பெரிய கூடையால் கவிழ்த்து மூடிவைப்பதும் இதே அறிவுதான். நஞ்சுக்கொடியையும் செத்த உடலையும் மேய்ச்சல் நிலத்தில் விடாமல் ஆழப் புதையுங்கள். கயோட்டி வேலியைத் தாண்டுவதைவிட அடியில் நுழைவதே அதிகம். எனவே வேலியோரம் நடந்து கீழ்ச்சந்துகளையும் மழைநீர் அரித்த இடங்களையும் கம்பி வலையால் அடையுங்கள். நுழைந்த இடத்தில் கம்பியில் முடி சிக்கியிருக்கும்.

அந்த இடங்களை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இருட்டத் தொடங்கும்போது திண்ணையில் ஊதல் இல்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஊளை எந்தத் திசையிலிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்று அதே காகிதத்தில் எழுதுங்கள். பத்துக் கயோட்டி கத்துவதுபோல் கேட்கும். பெரும்பாலும் இரண்டுதான் இருக்கும், குரலை மாற்றி மாற்றிக் கூட்டம்போல் காட்டும். பத்து நாள் குறிப்பு சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள். ஜனவரியில் நீங்கள் எந்தப் புதரடியில் உட்கார வேண்டும் என்பதை அதை வைத்துச் சொல்கிறேன். அதுவரை ஊதலைப் பழகி முடித்ததும் நீரில் கழுவி, சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவே ஒரு பல்குத்தும் குச்சியைச் செருகி, வெயில் படாமல் குளிர்பெட்டியில் வையுங்கள்.